இடப்பக்கம் பார்க்கும் வண்டி

என் கணவருக்குச் சொகுசுக் கார் ஆசை வந்ததே பாதிப் பார்வை போன பிறகுதான். அதற்கு முன்னால் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஏசி போடுவதைக்கூடப் பாவமாக நினைத்த மனிதர். பின்பக்கம் கேமரா வைத்த காரைப் பார்த்தால், "அப்புறம் கழுத்து எதுக்கு இருக்கு?" என்று நக்கலடிப்பார்.

போன வருஷம் அவர் மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை, கால், பேச்சு எல்லாம் தப்பித்தன. பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே தப்பித்தது. போனது இரண்டு கண்ணிலும் இடப்பாதி. எதைப் பார்த்தாலும் அதற்கு இடப்பக்கம் இருப்பது தெரியாது. இருட்டாகக்கூடத் தெரியாதாம், அங்கே ஒன்றுமே இல்லாதது போல இருக்குமாம். தட்டில் இடப்பக்கம் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருப்பார். நான் தட்டைத் திருப்பி வைத்தால், "இது எப்ப வச்ச?" என்று கேட்பார்.

இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பழைய வண்டியைத்தான் ஓட்ட வேண்டாம் என்கிறார் என்று இவராக ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டார்.

"இப்ப வர்ற பெரிய வண்டியெல்லாம் நாலு பக்கமும் தானே பாக்குது. இடப்பக்கம் ஆள் வந்தா கத்துது, பிரேக்கும் அதுவே போடுது. என்கிட்ட இல்லாத பாதி அதுகிட்ட இருக்கு. அப்புறம் என்ன?" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. ஊரில் பாதிப் பேர் இவரிடம் ஓட்டக் கற்றவர்கள். காய்கறிக் கடையிலும் மாஸ்டர், வங்கியிலும் மாஸ்டர். ஸ்டியரிங்கை விட்டுவிட்டால் தான் யார் என்று அவருக்கே தெரியாமல் போய்விடும். எனக்கு அவர் உயிரோடு இருக்க வேண்டும், அவரால் இன்னொருவர் உயிரும் போகக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வாய் வராததால், பார்க்கத்தானே போகிறோம் என்று அவரோடு கிளம்பினேன்.

முதல் ஷோரூம் வாசலில், 'எட்டும் விலையில் சொகுசு' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். யாருக்கு எட்டும், ஏணி வைத்தா என்று நான் முணுமுணுத்தேன். உள்ளே டை கட்டிய ஒருவர் கூரை திறப்பதைக் காட்டினார், பதினாறு நிறத்தில் விளக்கு எரிவதைக் காட்டினார், சீட் சூடாகும் என்றார்.

"எனக்குச் சூடு வைக்க வீட்லயே ஆள் இருக்கு. இடப்பக்கம் சென்சார் எத்தனை இருக்கு, அதைச் சொல்லுங்க" என்றார் இவர்.

டைக்காரர் விழித்தார். அந்த வண்டியில் கூரை திறக்கும், பக்கவாட்டில் பார்க்காது. வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது ஷோரூமில் நாங்கள் உட்காரும் முன்பே, "மாஸ்டர்!" என்று ஒரு பெண் ஓடி வந்தாள். விற்பனைப் பிரிவில் இருக்கிறாளாம். இவரிடம் கற்றவள்தான். கிளட்சைப் பார்த்தாலே அழுதுவிடும் பெண் என்று ஒரு காலத்தில் வீட்டில் வந்து புலம்பியிருக்கிறார். இப்போது பளபளவென்று நின்ற வெள்ளை வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கேமராவையும் சென்சாரையும் தொட்டுக் காட்டினாள். இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஆராய்ந்தார். முகத்தில் பல மாதமாகக் காணாத ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறீங்களா மாஸ்டர்? நீங்க ஓட்ட, நான் பின்னாடி உட்கார்ந்து வரணும். எவ்வளவு நாள் ஆசை தெரியுமா!" என்றாள்.

அவளுக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு முன்னால் அவரைக் கூனிக் குறுக வைக்க எனக்கு மனசு வரவில்லை. மெதுவாகத்தானே போவார் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு அவருக்கு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன்.

ஷோரூமுக்குப் பின்னால் இருந்த கடைத்தெருவில் வண்டி ஊர்ந்தது. அவர் ஓட்டுவதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. விரல்கள் ஸ்டியரிங்கில் லேசாக இருந்தன, தோள் இறங்கியிருந்தது. தெருமுனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இண்டிகேட்டர் போட்டார். கண்ணாடியைப் பார்த்தார். பிறகு தலையை நன்றாக இடப்பக்கம் திருப்பினார். மாணவர்களுக்கு ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்ததை வரிசை தப்பாமல் செய்தார். திருப்பிவிட்டு வண்டியை எடுத்தார்.

முட்டைத் தட்டுகளை அடுக்கிக் கட்டிய சைக்கிளோடு ஒரு மனிதர் இவர் பார்த்த இடத்துக்கும் சற்று இடப்பக்கமிருந்து குறுக்கே வந்துகொண்டிருந்தார். நான் கத்த வாயெடுப்பதற்குள் வண்டி கத்தியது. தானாகவே பிரேக் போட்டுக் குலுங்கி நின்றது. சைக்கிளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கை அகலம் இருந்தால் அதிகம்.

"பாத்தீங்களா மாஸ்டர்! தானா நின்னுடுச்சு! இதுக்குத்தான் இந்த வண்டி!" பின்னாலிருந்து அந்தப் பெண் கைதட்டினாள்.

முட்டைக்காரர் பயப்படவே இல்லை. எங்களுக்கு நேராக வந்ததும் இவரைப் பார்த்துச் சிரித்து, வழி விட்டதற்கு நன்றி சொல்வது போல ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

இவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

"எப்பவும் நிக்குமாம்மா?" என்று கேட்டார்.

விற்க வந்தவள்தான், ஆனால் கேட்டவர் மாஸ்டர். "பெரும்பாலும் நிக்கும் மாஸ்டர். மழை, சேறு பட்டா சில நேரம்…" என்று இழுத்தாள்.

"அதை விடு. வண்டி சரியாத்தான் நின்னுச்சு." அவர் என் பக்கம் திரும்பினார். "அந்த ஆளு ஏன் நிக்காம வந்தார், தெரியுதா உனக்கு?"

"தெரியலைங்க."

"நான் தலையைத் திருப்புனேன்ல, அதைப் பாத்துட்டுத்தான் வந்தார். டிரைவர் நம்மளைப் பாத்துட்டார், இனி பயமில்லன்னு வந்திருக்கார். நான் திருப்பாம இருந்திருந்தா அவரே நின்னிருப்பார்." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "எனக்கு அங்க ஒண்ணுமே இல்ல. வெறும் ரோடுதான் தெரிஞ்சுது. போற போக்குல எனக்கு நன்றி வேற சொல்லிட்டுப் போறார்."

பின்சீட்டில் இருந்த பெண்ணுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஷோரூமிலேயே சொல்லியிருந்தால் அவர் வெட்கப்படுவதோடு போயிருக்கும்.

அவர் கதவைத் திறந்து இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றி என் பக்கம் வந்தார். "நீ பின்னாடி போ. அந்தப் பொண்ணு ஓட்டட்டும்" என்றார். நான் இறங்கிப் பின்சீட்டுக்குப் போக, அவர் என் இடத்தில் உட்கார்ந்தார். அவள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, இவர் கற்றுக்கொடுத்தபடியே இடப்பக்கம் தலையைத் திருப்பினாள். கால் பிரேக்கிலிருந்து எழுந்தது.

"நில்லு. தலை திரும்புனா மட்டும் போதாது. என்ன பாத்தேன்னு சொல்லு" என்றார்.

"மாஸ்டர்?"

"இவ்வளவு வருஷமா எல்லாரையும் திரும்பிப் பாக்கச் சொன்னேன். என்ன தெரிஞ்சுதுன்னு ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல. சொல்லும்மா."

"ஒரு அம்மா நிக்கிறாங்க மாஸ்டர். கையில நீலக் கூடை. குழந்தை ஒண்ணு அவங்க புடவையைப் பிடிச்சுட்டு நிக்குது. ரெண்டு பேரும் என்னைத்தான் பாக்குறாங்க."

"அவங்க போகட்டும்" என்றார்.

அந்தக் குழந்தை எங்களுக்குக் கையை ஆட்டிக்கொண்டே தெருவைக் கடந்தது. அவர் நேராகப் பார்த்தபடி இருந்தார், தலையைத் திருப்பவில்லை.