அப்பாவின் முழங்கால்

கரும்பலகையில் தேதி எழுதக் கையை உயர்த்தியபோது ஜாஸ்லினுக்கு வலது தோள் நழுவியது. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. பிள்ளைகள் கவனிப்பதற்குள் சுவரில் சாய்ந்து, மூட்டைத் தானே உள்ளே தள்ளிக்கொண்டாள்.

"சத்தா சாப்பிடுறதில்ல, அதான்" என்றார் அப்பா செபஸ்தியான், தில்லை நகர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது. துவாக்குடிப் பட்டறை ஒன்றில் முப்பது வருடம் வெல்டராக இருந்தவர். பள்ளி நாட்களில் கணுக்கால் பிசகி அவள் அழுதபோதெல்லாம், ஓடப் பயந்து நடிக்கிறாள் என்று சொன்னவரும் அவர்தான்.

டாக்டர் ரஞ்சனி அவள் விரல்களையும் முழங்கையையும் வளைத்துப் பார்த்தார். கட்டைவிரல் உள்பக்கமாக மடங்கி முன்கையில் படிந்தது.

"மூட்டுகளை இறுக்கிப் பிடிக்கிற திசு உங்களுக்குப் பிறவியிலேயே தளர்வா இருக்குங்க. பெரும்பாலும் பரம்பரையா வர்றது. அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

"யாருக்கும் இல்லைங்க" என்ற செபஸ்தியான், தன் கட்டைவிரலை மடக்கினார். அதுவும் முன்கையைத் தொட்டது. "இது எல்லாருக்கும் வர்றதுதானே?"

ரஞ்சனி தன் விரலை அழுத்திக் காட்டினார். பாதியில் நின்றுவிட்டது. "எனக்கு வரலையே சார்."

செபஸ்தியான் கையை இறக்கித் தன் முழங்காலைத் தொட்டார். "முட்டி நழுவும்ங்க. ஏணியில நிக்கிறப்பகூட. தட்டி உள்ள தள்ளிட்டு வேலையப் பாப்பேன். சொன்னா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கன்னு பயம்."

"அம்மாகிட்டகூட சொல்லலையாப்பா?"

"இல்லம்மா. உடம்புன்னா இப்படித்தான், பல்லைக் கடிச்சுக்கணும்னு நெனச்சேன். உன்னையும் அப்படியே இருக்கச் சொன்னேன்." "நீ நடிக்கலைம்மா."

ஜாஸ்லினுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏணியில் ஒற்றைக்காலை ஊன்றி நிற்கும் அப்பாவை நினைத்ததும் அது தணிந்தது.

"என்கிட்டேருந்துதான் வந்துச்சாங்க?" என்று அவர் டாக்டரிடம் கேட்டார்.

"வந்திருக்கலாம். நீங்க தெரிஞ்சு குடுக்கலையே. முழுசா சரியாக்க மருந்து இல்ல. ஆனா சுத்தியிருக்கிற தசைக்குப் பலம் ஏத்தினா நழுவுறது குறையும். ரெண்டு பேருமே பயிற்சிக்கு வாங்க."

வாரம் இரண்டு நாள் போனார்கள். பயிற்சி கொடுத்த செந்தமிழன், அப்பாவைத்தான் அதிகம் அதட்ட வேண்டியிருந்தது. வலித்தாலும் வாயைத் திறக்கமாட்டார். மூன்று மாதத்தில் ஜாஸ்லினுக்குத் தோள் ஒரே ஒரு முறைதான் நழுவியது. பலகையில் தோளுக்கு மேலே எழுதுவதை அவள் விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது செபஸ்தியான் சட்டென்று நின்றார். சுற்றிலும் தெரிந்தவர்கள்.

"ஜாஸ்லின், முட்டி நழுவப் பாக்குது. கொஞ்சம் பிடிச்சுக்கம்மா."

அவள் அவருக்கு வலப்பக்கம் வந்து நின்று, தன் இடக்கையைக் கொடுத்தாள்.