கிறவல் பறக்கும் திசை

நொச்சிமுறிப்பு வீதியில் சைக்கிள் ரயர்கள் கிளப்பும் கற்கள் 2023ஆம் ஆண்டு தை மாதத்திலிருந்து ஒரே திசையில் மட்டும் பறக்கத் தொடங்கின. கிழக்கே போகும் சைக்கிளானாலும் மேற்கே போகும் சைக்கிளானாலும் கல் தென்கிழக்குப் பக்கமாகவே போய் விழுந்தது. அந்த மாதம் யானைகள் இரண்டு தரம் வயலுக்குள் வந்து போனதால் ஊரார் இதைக் கவனிக்கக் கொஞ்சம் பிந்திவிட்டது.

இரணைமடுக் குளத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் கரைகளும் காட்டு ஓரங்களுமாக அறுபத்தொரு கிலோமீற்றர் நீளமான சைக்கிள் பாதை ஒன்றை யோகநாதன் அதற்கு முந்திய ஆண்டு அமைத்திருந்தார். கிளிநொச்சியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் றவூப் தடித்த ரயர் பூட்டிய சைக்கிள்களை வாடகைக்குக் கொடுப்பார். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள், வாகனச் சத்தம் இல்லாத, சரளைக் கல் பரவிய கிறவல் பாதைகளில் நாள் முழுக்க ஓடிவிட்டு, மாலையில் முழங்கால் வரை செம்மண்ணோடு திரும்புவார்கள். யோகநாதன் முன்பு வீதி வேலைகளில் மேற்பார்வையாளராக இருந்தவர். கிறவல் வீதி எப்படி நிற்கிறது என்பதை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், விளக்குவார். கிறவலில் கல்லும் களிமண்ணும் சேர்ந்திருக்க வேண்டும். கல் பாரத்தைத் தாங்கும், களி கல்லைப் பிடித்துவைத்திருக்கும். பரவி, தண்ணீர் தெளித்து, உருளையால் அழுத்தினால் இரண்டும் ஒன்றாக இறுகும். நடு உயர்ந்து இரு கரையும் தாழ்ந்திருந்தால் மழைத்தண்ணீர் வழிந்து ஓடும். அப்படியான வீதியில் ரயருக்கு முப்பது றாத்தல் அழுத்தத்தில் காற்றுப் போதும். காற்றுக் குறைந்த ரயர் கல்லின் மேல் துள்ளாது, கல்லைக் கவ்விப் போகும்.

கவ்விய கல்லை ரயர் ஒன்றிரண்டு சுற்றுக்குள் விட்டுவிடும். விடும்போது அது எந்தப் பக்கமும் தெறிக்கலாம். இங்கே ஒரு பக்கம் மட்டும் தெறித்தது யோகநாதனைத் தொந்தரவு செய்தது. மாசியில் அவர் நாற்பது கற்களுக்கு வெள்ளை மை பூசி, இலக்கம் போட்டு, பாதையின் பல இடங்களில் வைத்தார். வயலுக்குள் விழுந்த கல் வயலில் தங்கவில்லை. மாட்டின் குளம்பிலும் உழவு இயந்திரச் சில்லிலும் ஒட்டிக்கொண்டு வரம்பேறி, அடுத்த சைக்கிளுக்காக வீதியோரம் கிடந்தது. பங்குனி முடிவதற்குள் முப்பத்தேழு கற்களை அவர் திரும்பக் கண்டுபிடித்தார். எல்லாம் வீதிக்குத் தென்கிழக்கே குடியிருக்கும் அமராவதி என்ற பெண்ணின் காணியில், கிடங்கு என்று சொல்லும் பெரும் பள்ளத்துக்குள் கிடந்தன.

அந்தக் கிடங்கு நாற்பதடி அகலம், அறுபதடி நீளம், ஒன்பதடி ஆழம். 2011இல் நொச்சிமுறிப்பு வீதி போட வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் கிறவலுக்காக அதைத் தோண்டினார். தோண்டுவதற்கு முன் காணிக்காரரிடம் கேட்க வேண்டும். கேட்டு வரும்படி யோகநாதனைத்தான் அனுப்பினார்கள். அவர் முறைப்படி வாசல் கதவான படலைக்கு வெளியே நின்று, "வீட்டுக்காரர்" என்று மூன்று தரம் கூப்பிட்டார். பதில் வரவில்லை. "மூன்று தரம் கூப்பிட்டேன், ஆளில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அமராவதி அப்போது போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில்தான் இருந்தார் என்பது அவருக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்வரை யோகநாதனும் அதே முகாமில், அமராவதிக்கு மூன்றாவது கூடாரத்தில்தான் இருந்தார். காலையில் தண்ணீர் வரிசையில் அவருடைய வாளியை அமராவதிதான் முன்னுக்கு நகர்த்தி வைப்பார்.

அமராவதி 2012இல் திரும்பி வந்தபோது காணியின் நடுப்பகுதி இல்லை. மாரியில் கிடங்கு தண்ணீரால் நிறைந்தது, கோடையில் கடிக்கும் நுளம்பால் நிறைந்தது. கிடங்கின் ஓரத்தில் மிஞ்சிய நிலத்தில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டார். வீட்டுத்திட்டத்துக்கு இரண்டு தரம் விண்ணப்பித்தார். இரண்டு தரமும் நிலம் மட்டமில்லை என்று பெயர் வெட்டப்பட்டது. கடைசித் தரமாக 2023 ஆவணி மாதம் பார்க்க வருவதாக அறிவித்திருந்தார்கள். யோகநாதன் பதினோரு ஆண்டுகள் அவருடைய வாசலைத் தாண்டும்போதெல்லாம் சைக்கிள் சங்கிலியைக் குனிந்து பார்த்தபடியே போனார். அவ்வளவு கவனமாகப் பார்க்கப்பட்ட சங்கிலி அந்த வட்டாரத்தில் வேறு இல்லை.

சித்திரை மழைக்குப் பாதையின் நிலை தெரிந்தது. கல் போன வீதியில் களி மட்டும் மிஞ்சியது. றவூப் கடை வாசலில் ஒரு ரயரைக் கழுவிக்கொண்டு சொன்னார்.

"யோகன், இது கிறவல் பாதையா, நாத்துமேடையா? நேத்து வந்த டொக்டர் அம்மா சேத்துக்குள்ள சைக்கிளை நட்டுப்போட்டு நடந்து வந்தவ. முளைச்சா சொல்லுறன்."

"மழை விட்டாச் சரியாயிடும் நானா." றவூபை யோகநாதன் அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஆகாது. பாதையை மாத்துவம். மற்றப் பக்கம் நல்ல றோட்டுக் கிடக்கு."

பாதையை மாற்றினால் சைக்கிள் வராது. சைக்கிள் வராவிட்டால் கல் நகராது. ஆவணிக்குள் கிடங்கு நிரம்பாவிட்டால் அமராவதிக்கு வீடு இல்லை. இதை விளக்க வேண்டுமென்றால் படலையிலிருந்து தொடங்க வேண்டும். எதையும் விளக்கப் பிரியப்படும் யோகநாதன் அன்று கிறவல் கலவையில் தொடங்கித்தான் கதையைப் படலைக்குக் கொண்டுவந்தார். அரைமணி நேரம் பிடித்தது. சொல்லி முடிக்கும்வரை றவூப் அந்த ஒரு ரயரையே கழுவினார்.

"நாங்கள் தொண்ணூறில ஊரைவிட்டுப் போய்ப் புத்தளத்தில அகதியா இருக்கேக்க, எங்கட வளவு வாசலிலயும் ஆரோ நிண்டு கூப்பிட்டிருப்பினம். அவரும் உம்மைப்போலச் சத்தமாத்தான் கூப்பிட்டிருப்பார்" என்றார் கடைசியில். பிறகு காற்றளக்கும் கருவியை எடுத்தார். "இருபத்தஞ்சு றாத்தலுக்கு இறக்குவம். கல்லுக் கூடப் பிடிக்கும். அமராவதி அக்காவிட்டயும் போய்ச் சொல்லும், எனக்கு மட்டும் சொன்னாப் போதாது."

அமராவதி கொட்டில் வாசலில் கவிழ்த்த வாளி மேல் இருந்தார். யோகநாதன் படலைக்கு வெளியே நின்றார்.

"அக்கா, இந்தக் கிடங்கைப் பற்றி ஒரு கதை இருக்கு."

"சொல்லுங்கோ தம்பி. பொறுங்கோ, தலையைக் குனியுங்கோ, கல் வருது."

குனிந்தார். கல் அவர் தலைக்கு மேலால் போய்க் கிடங்குக்குள் விழுந்தது.

"ஆளில்லை எண்டு எழுதினது நான்தான்."

"ஓம். அந்தக் கடதாசியின்ர பிரதி ஒண்டு எடுத்தனான். முகாமில என்ர மனுவெல்லாம் எழுதித் தந்தது நீங்கள்தானே. உங்கட எழுத்துத் தெரியாமல் இருக்குமே."

"தெரிஞ்சும் பேசாமல் இருந்தனீங்களா?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான். பதினொரு வருசம் கொஞ்சம் நீட்டுத்தான்."

"என்னை ஏசுங்கோ அக்கா."

"ஏசினா உங்களுக்குச் சுகமாப் போயிடும். அதை ஏன் நான் செய்ய? கிறவல் சும்மா வந்து குவியுது. குவிஞ்சதில வீடு நிக்குமே? அது உங்கட வேலை. தண்ணி தெளிச்சு உருட்டுங்கோ."

அடுத்த நாளிலிருந்து யோகநாதன் காலையில் பயணிகளை அனுப்பிவிட்டு அங்கே வந்தார். ஓரடி கிறவல் சேரும்வரை காத்திருந்து, வாய்க்கால் தண்ணீர் தெளித்து, கைஉருளையை இழுத்தார். ஒன்பதடியையும் ஒரேயடியாக அழுத்தினால் மேல் மட்டும் இறுகும், அடி தளர்ந்திருக்கும் என்று அமராவதிக்கு விளக்கினார். தனக்கும் அது தெரியும் என்றார் அமராவதி. அவர் ஏசவில்லை, தேநீரும் கொடுக்கவில்லை. ஒரு சைக்கிள் கொண்டுவரக்கூடிய கல்லையும் வந்த சைக்கிள்களையும் பெருக்கிப் பார்த்தால் கிடங்கு நிரம்ப நூற்றுப்பத்து ஆண்டு எடுக்கும். ஆவணி பதினெட்டில் நிரம்பியது. கணக்கு எங்கே பிழைத்தது என்று யோகநாதன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டுத்திட்டத்திலிருந்து வந்த உத்தியோகத்தர் நீர்மட்டக் கருவி வைத்துப் பார்த்து, காணி மட்டம் என்று எழுதினார். பறந்து வந்த கல்லொன்று தோளில் பட்டதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. மறு ஆண்டு தையில் அமராவதி புதுவீட்டில் பால் காய்ச்சினார். யோகநாதனுக்கும் சொல்லி அனுப்பினார். அவர் போய், முற்றத்துச் சரிவு சரியா என்று பார்த்துவிட்டு, வாசலோடு திரும்பினார்.

மொட்டையாகிப்போன வீதிக்கு அந்த ஆண்டு கடைசியில் வேறெங்கிருந்தோ லொறிகளில் கிறவல் கொண்டுவந்து பரவினார்கள். அது மூன்று வாரம் அசையாமல் கிடந்தது. நாலாம் வாரம் வடமேற்கே பறக்கத் தொடங்கியது. யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் வேலிக்குத் தகரம் அடித்தார்கள். எங்கே தோண்டியது என்று யோகநாதன் லொறிக்காரரைக் கேட்டார். தனக்குச் சொல்லவில்லை என்றார் அவர்.

"நானா, பாதையை வடமேற்கால போடுவம். கல் போற பக்கமே சைக்கிள் போனால் கெதியாப் போய்ச் சேரும்."

"அங்கால பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டார் றவூப்.

"தெரியாது. ஆரோ இருப்பினம்."

புதிய பாதை எழுபத்திரண்டு கிலோமீற்றர். ரயருக்கு இருபத்தைந்து றாத்தல் காற்று. வருகிறவர்களுக்குக் காலையில் தண்ணீர்ப் போத்தலோடு தடித்த காலுறையும் ஒரு சோடி கொடுக்கிறார்கள்.