எல்லாருக்கும் பதினெட்டு

இறந்த அன்று காலையில் அம்மா அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தரையில் அக்கா விரித்திருந்த வம்சாவளிப் படத்தை எட்டிப் பார்த்து, "என் வயசைத் திருத்திட்டியாடி?" என்று அவளிடம் கேட்டாள்.

அம்மா, இரண்டு சித்திகள், அத்தை எல்லோருடைய திருமணச் சான்றிதழ்களையும் நகலெடுத்து வந்து அக்கா வரிசையாக வைத்திருந்தாள். நான்கிலும் மணமகளின் வயது பதினெட்டு.

"நம்ம வீட்டுப் பொண்ணுங்க அச்சுல வார்த்தாப்புல இருக்காங்க," என்று சிரித்த அக்கா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "சட்டத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான். இதை வயசுன்னு படிக்கக் கூடாதும்மா. பயந்து சொன்ன பதில்னு படிக்கணும்."

"பயந்துதான் சொன்னேன். ஆபீசுல கேட்டா பதினெட்டுன்னு சொல்லுன்னு எங்கப்பா வழியெல்லாம் சொல்லிக் குடுத்தாரு. எனக்குப் பன்னெண்டு. கடைவாய்ப் பல்லு ஒண்ணு ஆடிக்கிட்டிருந்துச்சு, நாக்கால தள்ளிக்கிட்டே நின்னேன். உன் படத்துலயாவது சரியா எழுது."

அப்பா செய்தித்தாளை மடித்தார். "வயசான காலத்துல என்னை ஊர் சிரிக்க வைக்கவா? எழுதினது எழுதினபடி இருக்கட்டும்."

அம்மா பொத்தானின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தவள், சமையலறை வாசலிலேயே சரிந்தாள்.

"அறுபத்தஞ்சா? நிறைஞ்ச வயசு. அழாதீங்க," என்று பக்கத்து வீட்டுக்காரி எங்களைத் தேற்றினாள். உண்மையில் ஐம்பத்தொன்பதில் போனவளுக்காக அழக்கூட எங்களுக்கு வழியில்லை.

அம்மாவை யாரும் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் பிறப்பையும் யாரும் பதியவில்லை. அவளிடமிருந்த அடையாள அட்டைகள் எல்லாம் அந்தத் திருமணச் சான்றிதழைப் பார்த்து எழுதியவை.

"வேற ஆதாரம் இருக்கா?" என்றார் இறப்பைப் பதியும் எழுத்தர்.

"அவங்களே சொன்னாங்க," என்றாள் அக்கா.

"வாயால சொன்னதை எப்படிம்மா எழுதுறது?"

"கல்யாணத்தன்னைக்கு மட்டும் வாயால சொன்னதைத்தானே சார் எழுதினீங்க?"

எழுத்தர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பேனாவை வாங்கி, சான்றிதழ்ப்படியே வயது எழுதிய படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அன்றே அக்கா, படத்தில் அம்மாவின் பெயருக்குக் கீழே 'மணந்தபோது பன்னிரண்டு' என்று மையால் எழுதினாள். பிறகு சித்திகளைத் தொலைபேசியில் அழைத்தாள். பெரிய சித்தி கேள்வியைக் கேட்டதும் வைத்துவிட்டாள். சின்னவள், "பதினாலு. உங்க சித்தப்பா வர்றாரு, வைக்கிறேன்," என்றாள்.

அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட அப்பா விடவில்லை. அது இன்னும் அலமாரிக்குப் பின்னால் சுருட்டிக் கிடக்கிறது.

அம்மாவின் சான்றிதழில் மாப்பிள்ளையின் வயது முப்பது என்று இருக்கிறது. அதையும் அக்கா சரிபார்த்தாள். அது சரியான வயதுதான்.