மொட்டைப் பிரித்தவள்

வீடு மாற்றும் லாரி மறுநாள் விடியற்காலையில் வருவதாக இருந்தது. தையற்காரிக்கோ கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உள்ளே போய் ஒரு மூட்டையைக் கட்டுவாள். பாதிக் கயிற்றோடு விட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடுவாள். அங்கே ஒரு மொட்டு, விரல் நீளம் வளர்ந்து, நுனி லேசாக உப்பி, நாளைக்குத்தான் திறப்பேன் என்று பிடிவாதமாக மூடிக்கொண்டிருந்தது.

அது டேலில்லி, கண்ணுகளா. காலையில் விரிந்து அந்தியில் வாடிவிடுகிற பூ. ஒரு பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுசு. கடையில் விற்கிற ஆரஞ்சும் மஞ்சளும் இவளுக்குப் போதவில்லை. யாரிடமும் இல்லாத ஒன்று வேண்டும். கறுப்பை ஒட்டிய சிவப்பு; இதழெல்லாம் ரிப்பன் மாதிரி முறுக்கிக்கொண்டு தொங்க வேண்டும். அதற்காக, முறுக்கிதழ் மஞ்சள் பூவின் மகரந்தத்தை எடுத்து, அடர்சிவப்புப் பூவின் நடுவே நீண்டிருக்கும் காம்பின் நுனியில் தொட்டு வைத்தாள். அப்பன் யாரென்று மறக்காமலிருக்க, அப்பன் நிறத்து நூலை அம்மாக்காரியின் தண்டில் கட்டுவது அவள் வழக்கம். காய் வெடித்து, கறுப்பு விதை உதிர்ந்து, முளைத்து, மூன்று வருஷம் வெறும் இலையாக நின்று, இப்போதுதான் முதல் மொட்டு. அதுவும் ஒற்றை மொட்டு.

போகிற வீடு மாடியில். பால்கனியில் நாலு தொட்டிக்கு மேல் கூடவே கூடாது என்று அந்த வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். மூன்றை முடிவு செய்தாயிற்று. நாலாவது தொட்டி இந்த மொட்டுக்கா, போன வருஷமே பூத்துப் பேர் வாங்கிய பீச் நிறக்காரிக்கா? பூவைப் பார்த்தால்தானே சொல்ல முடியும்!

"ஆராய்ச்சி! அது என்ன மொட்டா, பரீட்சை ரிசல்ட்டா? வந்து பாத்திரத்தக் கட்டு," என்று குரல் கொடுத்தார் அவள் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். வீட்டில் யாராவது வேகமாக நடந்தால்கூட அவர் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

"வந்துட்டேங்க. ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

"காலைலேர்ந்து இதத்தான் சொல்ற. விடிஞ்சதும் லாரிக்காரன் வந்து நிப்பான். உன் பூ ஹாரன் அடிச்சா எந்திரிக்குமா?"

வெயில் சாய்ந்தது. தையற்காரி மொட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். தொடுவதில்லை என்றுதான் கையை முழங்காலுக்கடியில் செருகியிருந்தாள். ஆனால் தையல் பிரித்தே பழகிய கை அல்லவா, எத்தனை நேரம் அடங்கிக் கிடக்கும்? கட்டைவிரல் நகத்தை ஓர் இதழின் ஓரத்தில் கொடுத்து மெல்ல நெம்பினாள். இதழ் பிரியவில்லை, கிழிந்தது. உள்ளே தெரிந்தது பழைய ஆணியின் துரு நிறம். முறுக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மொழுக்கென்று சப்பையாக இருந்தது.

"இவ்வளவுதானா நீ?" என்றாள். வந்த ஆத்திரத்தில் செடியை வேர்மண்ணோடு பெயர்த்து ஓர் ஓட்டை வாளியில் வைத்து, சுவருக்கு அந்தப்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நர்ஸிடம் நீட்டினாள்.

"இந்தாம்மா, வேணும்னா வச்சுக்க. வேணாம்னா குப்பைல போடு."

"என்னக்கா இது? நேத்துவரைக்கும் புள்ள மாதிரி பாத்துக்கிட்டீங்க."

"புள்ள ஃபெயிலாயிடுச்சு."

நாலாவது தொட்டியில் பீச் நிறக்காரி ஏறி உட்கார்ந்தாள்.

காலையில் பீரோ லாரியில் ஏறிக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேல் நர்ஸின் தலை தெரிந்தது. "அக்கா, கொஞ்சம் இங்க வாங்களேன். உங்க ஃபெயிலான புள்ளைய வந்து பாருங்க."

தையற்காரி போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். நர்ஸ் வீட்டு வாசற்படியில், வாளிக்குள்ளிருந்து நீண்ட தண்டின் தலையில், நாவற்பழத்தைப் பிழிந்த மாதிரி ஒரு பூ. தொண்டைக்குழியில் மட்டும் பச்சை வெளிச்சம். ஐந்து இதழ்கள் சுருள் சுருளாக முறுக்கிக்கொண்டு தொங்கின. ஆறாவது, இவள் நகம் பட்டது, பாதியில் கிழிந்து கிடந்தது. மொட்டு கடைசி ராத்திரியில்தான் நிறம் ஏற்றும், இதழை நீட்டும். இத்தனை வருஷம் பூ வளர்த்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். கைக்குத்தான் தெரியாமல் போயிற்று.

"அம்மா தாயே, அதத் திருப்பிக் குடுத்துடு. பீச்ச நீ எடுத்துக்க."

நர்ஸ் இடுப்பில் கை வைத்தாள். "நல்லா இருக்கே கதை! நேத்து குப்பை, இன்னைக்கு வைரமா? தர மாட்டேன்க்கா. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், நான் அம்மா வீட்டுக்குக் கெளம்பினாத்தான் என் அருமை தெரியும்."

"மூணு வருஷம்மா..."

"அழாதீங்க. பக்கத்துல கன்னு விடும்ல? விட்டதும் மொதக் கன்னு உங்களுக்கு. நானே கொண்டாந்து தர்றேன்."

"அதுக்கு அடுத்த வருஷம் ஆகும்!"

"ஆகட்டும். மகரந்தம் வேணும்னா இப்பவே எடுத்துக்கோங்க." காலி மாத்திரை டப்பா ஒன்றைத் துடைத்து நீட்டினாள்.

வாங்காமல் போய்விட ஒரு கணம் ரோஷம் வந்தது. மறுகணம் வாங்கிக்கொண்டாள். மகரந்தப் பையோடு காம்புகளைக் கிள்ளி டப்பாவில் போட்டாள். "இன்னைக்கே மண்ணுல வச்சுடும்மா. மறந்துடாத," என்று மூன்று தடவை சொல்லிவிட்டு லாரிக்கு ஓடினாள்.

தெரு திரும்பியதும், "அண்ணே, ஓரமா நிறுத்துங்க," என்றாள் டிரைவரிடம்.

"எதுக்கு? வீட்டப் பூட்டலயா?" கணவர் பதறினார்.

மடியிலிருந்த தொட்டியில் பீச் நிறக்காரி அன்றைக்கென்று அகலமாக விரிந்திருந்தாள். தையற்காரி டப்பாவிலிருந்து ஒரு காம்பை எடுத்து, பொடியை அந்தப் பூவின் நடுக்காம்பு நுனியில் பூசினாள். போதாதென்று இன்னொன்றையும் எடுத்துப் பூசினாள்.

"காய் பிடிக்குமா?" என்று கேட்டார் கணவர், குரலைத் தணித்து.

"தெரியலீங்க. பூ உதிரணும், அடியில பச்சையா உப்பணும். ரெண்டு மூணு நாளாவது பொறுக்கணும்." டிரைவரைப் பார்த்து, "போலாம்ணே. குலுக்காம போங்க," என்றாள்.

லாரி நகர்ந்தது. அடுத்த சிக்னல் வருவதற்குள் இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டாள்.