மிசாவோவின் உதடுகள்

“அந்தப் பொண்ணுக்கு நான்தான் குரலா?” என்று கேட்டாள் சதாயோ.

“பொண்ணா? அதுலதானே சிக்கலே,” என்றார் டைரக்டர் ஹிராய்வா. “ஷின்ஜுகு பார்ல ஆடுற மிசாவோ. ஆம்பளையாப் பொறந்தவ. முகத்தப் பாத்தா நிலா, வாயத் தொறந்தா லாரி டிரைவர். தியேட்டர்ல பாதிப் பேரு எழுந்து போயிருவான்.”

பிங்க் படங்கள் எனப்படும் மலிவான படுக்கையறைப் படங்களைச் சத்தம் பதியாமல்தான் எடுப்பார்கள். பேச்சு, முனகல் எல்லாம் பிறகு டப்பிங் அறையில்தான். படுக்கைக் காட்சிகள் கேட்ட அளவுக்கு இருந்துவிட்டால், மற்றதில் என்ன செய்தாலும் கம்பெனி ஏனென்று கேட்காது. சதாயோ எத்தனையோ நடிகைகளுக்கு முனகியவள். முனகிக்கொண்டே ஸ்வெட்டர் பின்னுவாள்.

சுவரோரம் நனைந்த மழைக்கோட்டோடு ஒருத்தி நின்றிருந்தாள். “நான்தான்க்கா மிசாவோ. என் முகத்துக்கு எப்படிப்பட்ட குரல் வருதுன்னு சும்மா பாக்க வந்தேன்.”

“தொண்ட கட்டிருக்காம்மா?”

“பொறந்ததுலேர்ந்து கட்டியிருக்கு.”

சதாயோ சிரித்துவிட்டாள். விளக்கு அணைந்தது.

திரையில், உண்மை தெரிந்துகொண்ட காதலன் முதுகைக் காட்டி நிற்கிறான். போர்வையைச் சுற்றிக்கொண்டு மிசாவோ பேசுகிறாள். சதாயோ தாளைப் பார்த்து, “மன்னிச்சிருங்க. நான் பொம்பள இல்ல. உங்கள ஏமாத்திட்டேன்,” என்றாள்.

அவள் முடித்த பிறகும் திரையில் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

“அழுதுகிட்டே இழுத்துச் சொல்லு,” என்றார் ஹிராய்வா.

மறுபடியும் ஒட்டவில்லை. சதாயோ தாளைக் கீழே வைத்துவிட்டு உதடுகளையே பார்த்தாள். பிறகுதான் கண்களைப் பார்த்தாள். அவள் குரல் கொடுத்த பெண்களெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார்கள், இல்லையென்றால் கூரையைப் பார்ப்பார்கள். திரையில் இருந்த இவள் நேராகச் சதாயோவையே பார்த்தாள்.

“டைரக்டர், இவ மன்னிப்பே கேக்கல.”

“எழுதுனதே நான்.”

“நீங்க எழுதுனீங்க. அவ சொல்லல.” சுவர்ப்பக்கம் திரும்பினாள். “என்னம்மா சொன்ன?”

“கேமரா இரைச்சல்ல யாருக்குக் கேக்கப்போவுதுன்னு ஏதோ சொன்னேங்க்கா.”

“இங்க வந்து மைக்குல சொல்லு.”

“ஆளுங்க எழுந்து போயிருவாங்கன்னு டைரக்டரே...”

“போறவன் போகட்டும். இதச் சொல்ல என்கிட்ட குரல் கெடையாது.”

ஹிராய்வா தாடையைச் சொறிந்தார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. மிசாவோ மைக் முன்னால் வந்து நின்றாள். காட்சி மறுபடி ஓடியது.

“நான் பொம்பளதான். தொட்டப்போ உனக்கே தெரிஞ்சுது. இப்ப எதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கிற? என்னப் பாரு.”

அடிவயிற்றிலிருந்து வந்த அந்தத் தடித்த குரல் திரையில் இருந்த உதடுகளில் போய் அப்படியே பொருந்தியது. காதலனுக்குக் குரல் கொடுக்க வந்தவன் தன் வசனத்தை மறந்து வாயைப் பிளந்து நின்றான்.

“அவன் விட்டுட்டான். மறுபடி மொதல்லேர்ந்து போலாமா?” என்றார் ஒலிப்பதிவாளர். அங்கே ஒருவர் தவறினாலும் எல்லாரும் திரும்பப் பேசவேண்டும்.

“வேணாம்,” என்றார் ஹிராய்வா மெதுவாக. “அதக் கேட்டப்பறம் அவன் என்னத்தச் சொல்லுவான். அப்படியே இருக்கட்டும்.”

“மிச்சம் இருக்குற முனகலுக்காவது நான் வேணுமா?” என்றாள் சதாயோ.

“அதையும் நானே பாத்துக்குறேங்க்கா.”

சதாயோ மைக்கை விட்டு விலகி, மழைக்கோட்டின் ஈரம் சொட்டியிருந்த சுவரோரம் போய் நின்றுகொண்டாள். பாதி பின்னிய ஸ்வெட்டர் பைக்குள்ளேயே கிடந்தது.

“அடுத்ததப் போடுங்க,” என்றாள். “நான் சும்மா பாக்குறேன்.”