எதிர்க்கடையின் விலைப்பலகை

சலவைக்கடைக்குள் நாள் முழுக்க நீராவி மிதக்கும். உள்ளே நின்று கண்ணாடி வழியே பார்த்தால் தெரு பாதி கரைந்து போயிருக்கும். எதிர்க்கடையின் விலைப்பலகை மட்டும் பச்சையாய் மின்னும். அதுவும் சலவைக்கடைதான்; இந்தக் கடைக்காரரின் சகலையுடையது. அக்காவைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவர் அவர். சேர்ந்து தொடங்கிய தொழிலை ஒன்பது வருஷத்துக்கு முன் இரண்டாக்கிக்கொண்டவர்கள், அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அக்கா தங்கை மட்டும் தினமும் போனில் ஊர்க்கதை பேசுவார்கள். ஆண்களின் வீம்புக்கு அவர்கள் என்ன செய்வார்கள்!

இவர் கடைக்குத் துணி பிடித்துத் தருவதும் விலை வைப்பதும் ஒரு செயலி. சகலை அந்தக் காலத்து ஆள், விலையைக் கையால்தான் மாற்றுவார் என்பது இவர் எண்ணம். மழை பிடித்துக்கொண்டால் இங்கே சட்டைக்கு இருபத்திரண்டு ரூபாய் ஆகும். இவர் தலை நிமிர்வதற்குள் அங்கேயும் இருபத்திரண்டு. இவருக்கு மனசு குளிர்ந்துபோகும். பயல் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்! இயந்திரத்துக்குள் யாருடைய விரிப்புகளோ மேகம் மாதிரி புரள, துணி மடிப்பதை மறந்து அந்தப் பச்சை எண்ணையே பார்த்தபடி நிற்பார். இரண்டு வருஷமாக இப்படித்தான் இவர் சகலையோடு பேசிக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் ஒரு காலை, கையில் கோப்போடு ஓர் அதிகாரி வந்தாள்.

"போட்டி ஆணையத்துலேர்ந்து வர்றேன். நீங்களும் எதிர்க்கடைக்காரரும் கூடிப் பேசி விலை வைக்கிறீங்கன்னு புகார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூடிப் பேசியா? என் பொண்ணு கல்யாணத்துலேயே ஆளுக்கொரு மூலையில நின்னோம்மா."

"அப்புறம் எப்படி ரெண்டும் ஒரே நிமிஷத்துல மாறுது?"

"அவன் என்னைப் பார்த்து மாத்துறான்." சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. "பேச்சு இல்லேன்னா பாசம் விட்டுப்போயிடுமா?"

அவள் கோப்பைப் புரட்டினாள். "அவர்கிட்டயும் அதே செயலிதாங்க. கடல் தாண்டி இருக்கிற ஒரு கம்பெனி ரெண்டு பேருக்கும் விலை போடுது. இந்தத் தெருவுல போட்டின்னே ஒண்ணு இல்ல."

"அப்போ அவன் என் பலகையைப் பார்க்கவே இல்லையா?"

"பார்க்க வேண்டிய தேவையே இல்லையே."

"நானே விலை வைக்கலாமா?"

"வைக்கலாம். ஆனா செயலி வழியா வர்ற துணி நின்னுபோகும். அதையும்தான் விசாரிக்கிறோம். முடிய நாளாகும்."

அவர் கடைக்கு வரும் துணியில் பாதி அப்படி வருவதுதான். அவள் போனபின் வெகுநேரம் இஸ்திரி மேசையருகே உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷம் சுவரோடு பேசியிருக்கிறோமே! பிறகு எழுந்து தன் விலைப்பலகையின் மின்செருகியைப் பிடுங்கினார். சட்டைக்குள் வைக்கும் அட்டை ஒன்றில் பெரிதாக 'இருபது' என்று எழுதி வாசலில் தொங்கவிட்டார்.

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

மத்தியானம் வரை எதிரே இருபத்திரண்டு அசையவில்லை. ஆவி கண்ணாடியில் படியப் படிய அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்று மணி சுமாருக்கு அந்தப் பச்சை அணைந்தது. சகலை ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அதன்மேல் ஏறி, கோணல் எழுத்தில் எழுதிய அட்டையை மாட்டினார்: பதினெட்டு.

இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தெருவைத் தாண்டி இவரை நேருக்கு நேர் முறைத்தார்.

"அடியே, இங்க வாடி!" என்று இவர் மனைவியை நோக்கிக் கத்தினார். கண்ணில் நீர் முட்டியது. "உன் தங்கச்சி புருஷன் என்னைப் பார்த்துட்டாண்டி!"