தெளிந்த தண்ணீர்

1

இந்தக் கதையை எனக்கு ஒரு மீன் சொன்னது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். மீதிப் பேர் என்ன மீன் என்று கேட்கிறார்கள்.

உண்மை அவ்வளவு ருசியில்லாதது. பல் வைத்தியரிடம் என் முறைக்காகக் காத்திருந்தேன். எதிரே ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே செடிகள் காடாக மண்டிக் கிடந்தன. ஒரு மீன்கூட இல்லை. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் மீனெல்லாம் எங்கேம்மா என்று கேட்டேன். "இருந்துச்சு சார்" என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அந்த 'இருந்துச்சு' என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பல் அங்கேயே தங்கிவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தண்ணீர் என்பது நினைவின்...' அடித்துவிட்டேன். இந்த வயதில் அப்படியெல்லாம் எழுதினால் பிள்ளைகள் பிடித்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுவார்கள்.

பிறகு: 'அந்த வீட்டில் முன்பு மூன்று பேர் இருந்தார்கள், இப்போது...' இதையும் பாதியில் விட்டேன். முதல் வரியிலேயே அழவைப்பது, வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்திக் கன்னத்தில் அறைவது மாதிரி.

கடைசியில் கிடைத்தது இது: லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தன் வீட்டுப் பால்கனியில் குந்தி உட்கார்ந்து மண் சலித்துக்கொண்டிருந்தார். தேவலை. இதை வைத்துக்கொள்வோம்.

சலித்த மண்ணைத் தொட்டியின் அடியில் பரப்பி, அதன்மேல் மணல் போட்டு மூடினார். பிறகு பையிலிருந்து மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து மணலின்மேல் வைத்துப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரு மயிரிழை பிசகாமல் நிற்க வைத்தவர். பிசகினால் யாராவது தடுக்கி விழுவார்கள். கைக்கு வேறு தெரியாது.

அவர் செல்போனில் எடுத்துப் போய்க் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு வளர்ப்பு மீன்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் கடையிலிருந்த மீன்களெல்லாம் மறுபக்கம் ஓடின. அவரைத் தெருவில் 'தண்ணி டாக்டர்' என்பார்கள்.

"என்னண்ணே, பஸ் ஸ்டாண்டா கட்றீங்க? பின்னாடி மேடாக்குங்க, முன்னாடி சரிச்சு விடுங்க. காடு எங்கண்ணே மட்டமா இருக்கு?"

(தண்ணி டாக்டரைப் பற்றி ஒரு குறிப்பு. அவர் வாயில் ஒரு மடக்கு தண்ணீரை வைத்துக் கொப்பளித்தே அது எந்த வீட்டுக் குழாய்த் தண்ணீர் என்று சொல்லிவிடுவார். ஒருமுறை வீட்டு எண்ணோடு சொன்னார். இந்தக் கதைக்கு அது தேவையில்லை. சும்மா வைத்திருக்க மனசு வரவில்லை.)

3

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதற்கு மீன்தொட்டி என்று நீங்கள் இந்நேரம் கேட்டிருக்கவேண்டும். அவருக்கில்லை. அவர் மனைவிக்கு.

அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் வேகவைத்து, துணியில் கட்டி அனுப்பும் அறையில் வேலை பார்த்தவள். அவள் கைபட்டு வந்த கத்தரியில் தூசு கண்டவர் கிடையாது. ஒரே மகளுக்கு அதே ஆஸ்பத்திரியில் சின்னதாக ஓர் அறுவை நடந்தது. தன் காலால் நடந்து வீட்டுக்கு வரவேண்டிய பெண், தையல் சீழ்பிடித்து, காய்ச்சல் ஏறி, வரவேயில்லை. கருவியில் குறையில்லை என்று பெரிய டாக்டரே சொன்னார். யாரும் தாயைக் குற்றம் சொல்லவில்லை. அதனால் அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு அடுப்படிக்கு. பிறகு நாற்காலியைச் சன்னலிலிருந்து திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

(அவளுக்கு வேறு வேலை கொடுத்துப் பார்க்காமல் இல்லை. தபால் நிலையத்தில் உட்காரவைத்தேன். தையல் வகுப்பு நடத்தவிட்டேன். அங்கெல்லாம் நன்றாகத்தான் இருந்தாள், சிரித்தாள்கூட. கதைதான் நகரமாட்டேன் என்றது. திரும்பவும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டேன். என்னை என்ன சொல்லவேண்டுமோ சொல்லிக்கொள்ளுங்கள்.)

ஆள் நிறைந்த லிஃப்டைக் கைச்சக்கரம் சுற்றியே மேலேற்றிய மனிதர், அந்த நாற்காலியைத் திருப்ப முடியாமல் தோற்றார். அதனால் சுவரை மாற்றினார். அவள் பார்வை விழும் இடத்தில் மேசை போட்டு, அதன்மேல் தொட்டியை ஏற்றினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஒருநாள் அவள் எழுந்து தொட்டிப் பக்கம் வரவேண்டும். மற்றதெல்லாம் செடி, கல், தண்ணீர்.

4

செடி நட நீளமான இடுக்கி வேண்டும். விரலால் நட்டால் ஒன்றை ஊன்றும்போது பக்கத்துச் செடி மிதந்து மேலே வரும். கடையில் வாங்குவதற்குப் பதிலாக அவர் மனைவியின் பழைய கைப்பையைத் துழாவி, உள்ளே கிடந்த ஆஸ்பத்திரி காலத்து வளைந்த மூக்கு இடுக்கியை எடுத்தார். ஊறப்போட்ட வேர்க்கட்டையைச் சரிவில் சாய்த்து, அதன் இடுக்குகளில் புல்லளவு செடிகளை ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அத எங்க எடுத்தீங்க?"

எத்தனையோ காலம் கழித்து வந்த குரல். அவர் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடும் என்று பயந்தார்.

"உன் பையிலதாம்மா."

"கொதிக்க வச்சீங்களா?"

"இல்லம்மா. மண்ணுக்குள்ளதான குத்தறேன்."

அவள் உச்சுக்கொட்டிய சத்தம் கேட்டது. கல்யாணமான புதிதில் அவருடைய வேலைச் சட்டையைப் பார்த்து அப்படித்தான் கொட்டுவாள். அன்று முழுக்க அவர் ஒரு காரணமும் இல்லாமல் செடி நட்டுக்கொண்டிருந்தார்.

சில நாளில் இலைகளெல்லாம் கூழாகிக் கரைந்தன. இவர் கடைக்கு ஓடினார். பிடுங்காதீர்கள், புதுத் தண்ணீருக்கு வந்த செடி பழைய இலையை உதறும், வேர் பிடித்திருந்தால் மறுபடி துளிர்க்கும் என்றார் தண்ணி டாக்டர். துளிர்த்தது. தண்ணீர் பால்போலக் கலங்கி, தானே தெளிந்து, கட்டையின் சாறு இறங்கி லேசான தேநீர் நிறத்துக்கு வந்தபிறகு மீன்களை விட்டார். சின்னச் சின்ன மீன்கள். கட்டையை ஒட்டி ஒரே பக்கமாகத் திரும்பும், ஏதோ கட்டளை வந்தாற்போல எல்லாம் மறுபக்கம் திரும்பும். அவள் கண்கள் கூடவே திரும்புவதை அவர் பார்த்தார்.

(இங்கே என் வீட்டு மீன் ஒன்று செய்தித்தாளின் ராசிபலன் பக்கத்தை மட்டும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கும் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். இவ்விடத்திலிருந்து எனக்கு விளையாட வரவில்லை.)

5

இப்போது ஸ்பாஞ்சு.

தொட்டியின் மூலையில் தண்ணீரை இழுத்து வடிகட்டும் சின்ன மோட்டார் இருக்கும். அதற்குள் ஒரு ஸ்பாஞ்சு. போகப்போக அதில் பழுப்பாகச் சகதி கட்டும். பார்த்தால் குமட்டும். "அத அழுக்குன்னு நெனச்சிடாதீங்கண்ணே" என்றார் தண்ணி டாக்டர். "மீன் போடற கழிவ அதுல இருக்கற கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்கதான் தின்னு செரிக்குது. தொட்டிக்கு அதுதான் குடல்." குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து, அதில் கலந்த குளோரினின் காரம் போனபிறகே ஊற்றவேண்டும், ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும் என்பதெல்லாம் அவர் சொல்லி மெக்கானிக் கரைத்துக் குடித்திருந்தார்.

மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.

மறந்துபோய் அல்ல. மறைக்கவும் இல்லை. தோன்றவேயில்லை. அவள் எழுந்து வரவேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தார். எழுந்து வந்தால் என்ன செய்வாள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. எழுந்திருப்பாள் என்று உள்ளுக்குள் அவர் நம்பியதேயில்லை என்பதுதான் இதற்குப் பொருளோ என்று எனக்குச் சந்தேகம். அவரிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

6

அன்று அவர் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அடுப்படியில் சத்தம். அவள் தலை சீவியிருந்தாள். கைகள் முழங்கைவரை சிவந்திருந்தன.

"பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

பார்த்தார். அப்படியொரு தெளிவை அந்தத் தொட்டி கண்டதில்லை. தேநீர் நிறம் போயே போய்விட்டது. கற்கள் பிரஷ் போட்டுத் தேய்த்ததில் பளிச்சென்று இருந்தன. பழைய தண்ணீரெல்லாம் கொட்டிவிட்டுக் குழாயிலிருந்து புதிதாகப் பிடித்து நிரப்பியிருந்தாள். அடுப்பில் ஒரு பாத்திரம் ஆறிக்கொண்டிருந்தது. ஸ்பாஞ்சை அதில்தான் கொதிக்க வைத்தாளாம், வெள்ளையாகும்வரை. எவ்வளவு அழுக்குங்க, பாவம், அதுங்க எப்படித்தான் மூச்சு விட்டுச்சோ என்றாள்.

உடனே கடைக்கு ஓடியிருந்தால், கடைத் தொட்டியின் பழகின தண்ணீர் ஒரு குடம் வாங்கி வந்திருந்தால், ஒருவேளை... ஆனால் ஏன் ஓடுகிறீர்கள் என்று அவள் கேட்பாள்.

"கண்ணாடி மாதிரி இருக்கும்மா" என்றார்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். மீன்கள் மேலே வந்து தண்ணீரின் விளிம்பில் வாயைத் திறந்து திறந்து மூடின.

"சந்தோஷமா இருக்குதுங்க போல" என்றாள்.

"ஆமா" என்றார்.

அன்று அவள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கூட கொஞ்சம் போட்டுக்கொண்டாள். அவர் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

7

முடிவுகள் என்னிடம் நிறைய இருந்தன. விடிந்ததும் அவள் விழிக்குமுன் அவர் ஓடிப்போய் அச்சாக அதே மாதிரி மீன்களை வாங்கிவந்து விட்டுவிடுவது என்பது முதலாவது. எழுதி முடித்துச் சந்தோஷமாகத் தூங்கினேன். எழுந்ததும் கிழித்தேன். அந்தத் தண்ணீரில் அவையும் சாகும். கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டது என்று சொல்லச் செய்யலாம் என்று பார்த்தேன். லிஃப்ட் மெக்கானிக் வாயில் கரண்ட்மேல் பழி வரவில்லை. அவர் எல்லாவற்றையும் சொல்லி, அவள் அழுது, இருவரும் கட்டிக்கொண்டு... வேண்டாம். அதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

நடந்தது இது. அவர் எழுந்து வரும்போது அவள் அவருக்கு முன்பே விழித்திருந்தாள். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்திருந்தாள். செத்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, தலை ஒரே பக்கம் இருக்கும்படி, இடைவெளி பிசகாமல் வரிசையாக அடுக்கியிருந்தாள். கருவித் தட்டை அப்படித்தான் அடுக்குவாள். தொட்டியில் செடிகள் ஒன்றும் நடக்காததுபோல அசைந்துகொண்டிருந்தன.

அவள் அழவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, நான் சரியாத்தான கழுவினேன்?"

8

அவள் மீனைக் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

ஆமாம் என்றால், சரியாகக் கழுவிய கையாலும் உயிர் போகும் என்று ஆகிறது. இல்லை என்றால் மகள் வந்து நிற்கிறாள்.

தண்ணி டாக்டரைக் கூட்டிவந்து பதில் சொல்லவைக்கலாமா என்று பார்த்தேன். கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். வாயைத் திறந்தால் பொய்யாகக் கொட்டுகிறவன் என்று என்னைப் பற்றி வீட்டில் ஒரு பெயர் உண்டு. இந்த இடத்துக்கு என்னிடம் ஒரு பொய்கூட இல்லை. உண்மை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அவர் வாயைத் திறந்துவிட்டார். மகள் போனபிறகு அவள் அவர் முகத்தை நேராகப் பார்ப்பது இப்போதுதான். ஒரு சொல் போதும். அதை நீங்கள் அவர் வாயில் போடுங்கள். ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அதையும் அவள் பதிலாக எடுத்துக்கொள்வாள்.